துளைவண்டு அடுத்து எங்கே போகும்?

வரைபடத்தை விரித்ததும் நான் முதலில் பார்ப்பது காட்டை அல்ல, சாலைகளை. மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் இந்த வண்டு தானாகப் பறப்பது பெரும்பாலும் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான். விறகு லாரி ஒரே இரவில் அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடத்திவிடும். ஆகவே விறகுக் கிடங்கு, மர அறுவை ஆலை, துறைமுகம் ஆகியவற்றைக் குறியுங்கள். சரக்குப் பெட்டி மரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கச் சொல்லும் உலக விதி, மரத்துக்குள் ஒளிந்து பயணிக்கும் இத்தகைய பூச்சிகளைக் கொல்லத்தான்.

அந்தக் குறிகளின்மேல் வண்டு தின்னும் மரங்களின் பரவலையும் குளிர்கால வெப்பநிலையையும் பொருத்துங்கள். மூன்றும் கூடும் இடத்துக்கு நேரில் போய்ப் பட்டையைத் தடவிப் பாருங்கள். ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகத வண்டு என்றால், ஒரு பக்கம் தட்டையான, 3–4 மில்லிமீட்டர் துளை தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: அமெரிக்காவில் 2002இல் அதை அடையாளம் கண்டபோது, அது பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்தது. கண்ட இடத்தை எல்லையாகக் கொள்ளாமல், தேடும் வட்டத்தை அகலமாகவே போடுங்கள்.