இண்டக்ஷன் அடுப்பு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு காந்தம் எடுத்துக்கோங்க

யாங்கோன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, வந்த உடனே தெருவே "மீ லா ப்யி", அதாவது கரண்ட் வந்துடுச்சுன்னு கத்துது, அந்த கொஞ்ச நேரத்துல சோறு கொழம்பு ஆக்கி முடிக்கணும்னுதான் நெறைய பேரு இண்டக்ஷன் அடுப்பு வாங்குறாங்க. இதே ஊர்ல தாமுவே பகுதில எங்க வீட்டுலயும் வாங்கினோம். அம்மா எப்பவும் சோறு வடிக்கிற அலுமினிய பானைய வச்சாங்க, அடுப்பு கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு, தண்ணி சில்லுன்னு அப்படியே இருக்கு. வித்தவங்க பாத்திரத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லல.

ஏன் சுடலன்னு புரியணும்னா இத ஒரு தடவ செஞ்சு பாருங்க, பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. ஃபேன் மோட்டருக்கு காயில் கட்டுற கடைல மெல்லிசு காப்பர் கம்பி கேட்டு வாங்கி, பெருவிரல் மொத்தத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்ல ஆயிரம் சுத்து சுத்துங்க, எண்ணிக்க கொஞ்சம் கூடக்கொறைய இருந்தா பரவாயில்ல. கம்பி மேல வார்னிஷ் இருக்கும், ரெண்டு நுனியிலயும் பிளேடால செவக்க சொரண்டணும், நெறைய பேருக்கு வெளக்கு எரியாம போறதே இத விட்டுடறதாலதான். நுனியில ரெண்டு செவப்பு எல்இடிய ஒண்ணுக்கொண்ணு தலைகீழா மாட்டி, குழாய்க்குள்ள நல்ல பவரான நியோடிமியம் காந்தத்த போட்டு ரெண்டு பக்கமும் மூடிட்டு வேகமா குலுக்குங்க. பேட்டரி இல்ல, கரண்ட் கனெக்ஷன் இல்ல, ரெண்டும் மாறி மாறி மின்னும்! குலுக்கறத நிறுத்தினா அணைஞ்சிடும், ஏன்னா காந்தம் சும்மா கெடந்தா கரண்ட் வராது, காயிலுக்குள்ள காந்தப் புலம் மாறிக்கிட்டே இருந்தாத்தான் வரும். 1831ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சது இதத்தான். லாபித்தா நீர்மின் நிலையத்துல தண்ணி டர்பைனச் சுத்தி நமக்கு கரண்ட் வர்றதும் இதே வேலதான், அங்க குலுக்கறது ஆறு.

அடுப்புல காந்தம் ஓடாது, கண்ணாடிக்கு அடியில இருக்கற காயில்ல கரண்ட் செகண்டுக்கு 20,000 தடவைக்கு மேல முன்ன பின்ன மாறுது, அதோட புலமும் மாறுது. மேல இருக்கற பானையோட அடியே ஒரு காயில் மாதிரி ஆகி அதுக்குள்ள கரண்ட் சுழி சுழியா ஓடும். இரும்பு அத லேசுல விடாது, அந்த மல்லுக்கட்டுலதான் சூடு வருது. அலுமினியம் தடுக்காம ஓட விட்டுடும், அதனால சுடாது.

ஆக, பாத்திரம் வாங்கப் போறப்ப பையில காந்தம் வச்சுக்கோங்க, அடியில கெட்டியா ஒட்டணும், தொங்க விட்டாலும் விழக்கூடாது. சில எவர்சில்வர்ல ஒட்டாது, பளபளப்ப பாத்து ஏமாறாதீங்க. அடி தட்டையா இருக்கற இரும்பு தோசக்கல்லு அருமையா சுடும். இன்வெர்டர்ல ஓட்டலாம்னு நெனைக்கிறவங்க மொதல்ல அடுப்போட வாட்ஸ பாருங்க, பெரும்பாலும் 2000 கிட்ட இருக்கும், வீட்டு இன்வெர்டர் நெறைய அத தாங்காது. இதயத் துடிப்பச் சீராக்க நெஞ்சுல பேஸ்மேக்கர் கருவி வச்சிருக்கற பெரியவங்க இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, கேக்கற வரைக்கும் ரெண்டடி தள்ளியே நிக்கட்டும்.