கொரோனா பயத்தில் கிட்னி நோயாளிகள் செய்யும் தவறுகள்

கொரோனா மறுபடி பரவுகிறது என்று செய்தி வந்தாலே டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு பேச்சு எழும்: "ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ஒட்டிக்கும், இந்த வாரம் ஒரு தடவை விட்டுடலாம்." எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். டாக்டர் சொன்ன டயாலிசிஸ் நாட்களில் ஒன்று தவறினாலும் உடம்பில் தண்ணீர் தங்கும், நுரையீரலில் சேர்ந்து மூச்சு வாங்கும். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அந்த மூச்சுத்திணறலைச் சளி என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 2020 மே மாதத்தில் சென்னை ராயபுரம் மண்டலத்தில் தொற்று மிக அதிகமாக இருந்து, தெருவைத் தகரம் வைத்து அடைத்த நாட்களில்கூட டயாலிசிஸ் தள்ளிப்போடக் கூடாததாகத்தான் இருந்தது. இன்று தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. "சொன்னால் உள்ளே விடமாட்டார்கள்" என்று மறைக்காதீர்கள். கிளம்பும் முன்பே டயாலிசிஸ் செய்யும் இடத்துக்குப் போன் செய்து சொன்னால், தனிப் படுக்கையோ கடைசி ஷிஃப்டோ ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும். மறைத்தால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளலாம், அவரும் உங்களைப் போன்ற நோயாளிதானே! இன்னொன்று, சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் அசதி, வயிற்றுப்போக்கு என்றும் தொற்று வரலாம்.

அடுத்து, எதிர்ப்புச் சக்திக்கு என்று குடிப்பவை. அன்பினால்தான் கொடுக்கிறார்கள், ஆனால் இங்கே கவனம் அதிகம் தேவை. இளநீரிலும் ஆரஞ்சு ஜூஸிலும் பொட்டாசியம் நிறைய. கபசுரக் குடிநீரோ, சூப்போ, எதுவானாலும் ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். மூலிகைக் கஷாயங்களைச் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையை அள்ளி விழுங்கினால் அது ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியும்.

உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். பாரசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். பிரஷர் மாத்திரையையோ, மாற்று சிறுநீரகத்துக்கான டாக்ரோலிமஸையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கொரோனாவுக்குத் தரும் ரிட்டோனவிர் கலந்த மருந்து, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஆபத்தான மட்டத்துக்கு ஏற்றிவிடும். அதனால் புதிதாகப் பார்க்கும் டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டியே ஆகவேண்டும்.

மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பலரும் டயாலிசிஸுக்குப் போகிறார்கள். ஆனால் ஷேர் ஆட்டோவில் நெருங்கி உட்காரும்போது தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். டயாலிசிஸ் நடக்கும்போது கழற்றி வைத்துவிட்டு டிபன் சாப்பிடுகிறார்கள். அப்புறம் தடுப்பூசி: கிட்னி நோயாளி போடக் கூடாது என்பது வதந்தி. ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி இவர்களுக்குக் குறைவாக உருவாகலாம் என்பதால், வீட்டில் கூட இருப்பவர்களும் போட்டிருப்பது நல்லது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ வேறு ஆஸ்பத்திரியோ, போகும்போது டயாலிசிஸ் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக டயாலிசிஸ் செய்த தேதியைச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.