தெமெங்கோர் படகு வீட்டுக்குக் கிளம்பும் பழைய நண்பர்கள் தவிர்க்க வேண்டியவை

பள்ளித் தோழர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மறுபடி ஒன்று கூடிவிட்டால், சீக்கிரமே யாராவது ஒருவர் "எங்கேயாவது போவோமா?" என்று ஆரம்பிப்பார். மலேசியாவில் அந்தப் பேச்சு பல சமயம் பேராக் மாநிலத்தின் தெமெங்கோர் ஏரியில் வந்து நிற்கிறது. படகு வீடு, இரண்டு இரவு, சுற்றிலும் மழைக்காடு. ஹோட்டல் என்றால் அறை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், மருந்தை மறந்துவிட்டால் கடைக்கு ஓடலாம். இங்கே பண்டிங் தீவுப் படகுத்துறையை விட்டு நகர்ந்த பிறகு எதையும் சரிசெய்ய வழியில்லை. அதனால் இந்தப் பயணத்தைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஏரிக்கு வருமுன்பே, வீட்டில் உட்கார்ந்தபடியே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு ஆள்கணக்கில். "வந்தாலும் வருவேன்" என்று கடைசி வாரம்வரை இழுத்தடிக்கும் நண்பர் இல்லாத குழு கிடையாது. ஏரியின் குறுக்கே போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைக்குத் தெற்கே, தெமெங்கோர் பகுதியோடு திரும்பிவிடுவதாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய பெர்மிட் வேண்டும். ஒவ்வொருவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். 2007இல் அரசிதழில் இடம்பெற்ற 117,500 ஹெக்டர் காடு அது, தாய்லாந்து எல்லைவரை நீள்கிறது. "நேராக ஜெட்டிக்கு வந்துவிடுகிறேன்" என்பவருக்கு அங்கே இடமிருக்கும் என்று நம்பாதீர்கள்.

அடுத்தது, படங்களைப் பார்த்துப் படகைப் பிடிப்பது. மேல்தளமும் சறுக்குமரமும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, மற்றவர்கள் படுப்பது கூடத்தில் மெத்தை விரித்தா என்பதைக் கேட்டால்தான் தெரியும். பதினெட்டு வயதில் எங்கே வேண்டுமானாலும் தூங்கியவர்கள்தான் நாம். இப்போது பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குக் குறட்டை. மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, சில படகுகளில் இரவில் அணைத்துவிடுவார்கள். தூக்கத்தில் மூச்சடைப்புக்காக இயந்திரம் பொருத்திக்கொள்பவர் இதைக் கேட்காமல் வரவே கூடாது. இன்சுலின் எடுப்பவர் ஐஸ் பெட்டியில் தனக்கென்று ஒரு மூலையை உறுதிசெய்துகொள்ள வேண்டும், மீனும் இறைச்சியும் நிரம்பிய பெட்டியில் அது தானாகக் கிடைக்காது.

சாப்பாட்டையும் முன்பே பேசிவிடுங்கள். படகை நடத்துபவர்கள் பலர் முஸ்லிம்கள். அவர்கள் படகில் மது கூடாது, அவர்கள் பாத்திரத்தில் பன்றி இறைச்சி கூடாது என்றால் அதில் தப்பே இல்லை. பெட்டி பெட்டியாக பீர் வாங்கிக்கொண்டு ஜெட்டியில் வந்து நின்று வாதாடுவதுதான் தப்பு. சமையல்காரர் மாட்டிறைச்சி ரெண்டாங்கை ஆசையாகச் செய்து வைத்திருக்க, குழுவில் நாலு பேர் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் சங்கடமும் ஒரு போன் பேச்சில் தீர்ந்துபோகக்கூடியது.

வேலை முடிந்து மாலையில் கிளம்பி, கெரிக் நகரிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டி வருவது இன்னொரு வாடிக்கை. 1982இல் திறந்த புதிதில் கம்யூனிஸ்ட் அச்சுறுத்தலால் அந்தச் சாலையை இரவில் மூடியே வைத்திருந்தார்கள். இப்போதைய ஆபத்து யானை. 2025 மே மாதம் அங்கே ஒரு குட்டியானை லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை லாரியை விட்டு நகராமல் நின்ற காட்சியை நாடே பார்த்தது. வளைவு, பனிமூட்டம், விளக்கில்லாத நீண்ட தூரம், இதில் கறுப்பு உடம்பு கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். முதல் நாளே கெரிக்கில் தங்கி, அங்கேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு காலையில் போவதே நல்லது.

ஏரியில் பலர் தவறவிடுவது விடியற்காலையை. இதுதான் எனக்கு மனசே ஆறாத விஷயம். பாட்டுக் கச்சேரி அதிகாலை மூன்று மணிவரை நடக்கும், பிறகு பத்து மணிவரை தூக்கம். மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் வாழும் காடு இது. விடிந்ததும் அவை ஏரியைக் கடக்கும்போது சிறகோசையே தனியாகக் கேட்கும். தூரத்தில் சியாமாங் எனும் வாலில்லாக் குரங்குகள் கூவத் தொடங்கும். அந்தச் சத்தம் கிலோமீட்டர் கணக்கில் பரவும். ஒலிபெருக்கியை எடுத்து வராதீர்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒரே ஓர் இரவாவது பதினோரு மணிக்கு நிறுத்துங்கள். பழைய கதைகளைப் பேச ஒலிவாங்கி எதற்கு?

தண்ணீரைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியாது. 1970களில் பேராக் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியபோது மூழ்கிய காடு இது. மரங்கள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. மேலே பார்த்தால் தெளிந்த நீர், கீழே கூரிய கிளை. படகோட்டி காட்டாத இடத்தில் தலைகீழாகக் குதிப்பது, இருட்டிய பிறகு இறங்குவது, குடித்துவிட்டு இறங்குவது மூன்றும் வேண்டாம். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை போடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் புகை வெளிவரும் பின்பக்கத்தில் நீந்துவதும் படுப்பதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மயக்கம் வந்த பிறகு சுதாரிக்க நேரமும் இருக்காது.

அட்டை கடித்தால் ரத்தம் கொஞ்சம் வடியும், அவ்வளவுதான்.

ரஃப்லீசியா என்ற ராட்சதக் காட்டுப் பூவைப் பார்த்தே தீர வேண்டும் என்று படகோட்டியை நச்சரிப்பதும் உண்டு. மலர்ந்த பூ ஒரு வாரம் தாங்குவதே அதிகம், பூத்திருந்தால்தான் பார்க்க முடியும். இந்தக் காட்டில் வாழும் பூர்வகுடிகளான ஜஹாய் மக்களின் கிராமத்துக்குப் போனால் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள், கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் அடித்தால் அதை அலைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் சில வாரம் கழித்தும் தலைகாட்டும். காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் ஒருவகை மலேரியாவும் மலேசியாவில் உண்டு. பார்க்கும் மருத்துவரிடம் ஏரியில் குளித்ததையும் காட்டில் நடந்ததையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், குழுவிலும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். இன்னொருவருக்கும் அதே காய்ச்சல் இருக்கலாம்.