பழைய டாஹோவில் 5.3 எல்எஸ், இரட்டை டர்போ: வீட்டுக் கொட்டகையில் செய்யும் முறை

1995 முதல் 1999 வரை வந்த செவர்லே டாஹோ இந்த வேலைக்கு வாகான வண்டி. இன்ஜின் அறை அகலமானது, சட்டம் கனமானது, உதிரிபாகம் அமெரிக்காவில் எந்தப் பழைய வண்டி யார்டிலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் 5.7 லிட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு, 1999-2007 காலத்து சில்வராடோ, டாஹோ, சபர்பன் வண்டிகளில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து எல்எம்7 என்ற 5.3 லிட்டர் இன்ஜினை உட்கார வைப்பதுதான் இங்கே சொல்லப்போவது. பிளாக் வார்ப்பிரும்பு, போர் 96 மி.மீ., ஸ்ட்ரோக் 92 மி.மீ., கம்ப்ரஷன் 9.5. எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் இரண்டு சிறிய டர்போ, 8 முதல் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் (அப்படித் திணிக்கும் கூடுதல் அழுத்தம்), கிராங்கில் சுமார் 550 குதிரைத்திறன். உள்ளிருக்கும் பிஸ்டனும் ராடும் கம்பெனி உருப்படிகளாகவே இருக்கலாம்.

ஒற்றை டர்போ போட்டால் செலவும் குழாயும் பாதி. வி8-இல் இரட்டை டர்போவின் உண்மையான லாபம், ஒரு பக்கத்து எக்ஸாஸ்ட்டை இன்ஜினுக்குக் கீழே இழுத்து மறுபக்கத்தோடு சேர்க்க வேண்டியதில்லை என்பது. ஃபோர் வீல் வண்டியில் அந்தக் குறுக்குக் குழாய்க்கு இடம் தேடுவதே பெரும்பாடு. பதிலுக்கு ஆயில் லைன், டிரெயின் (ஆயில் திரும்பும் குழாய்), வேஸ்ட்கேட் (பூஸ்ட் மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிடும் வால்வு) எல்லாம் இரண்டிரண்டு. கசியக்கூடிய இடங்களும் இரட்டிப்பு.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் டர்போ இல்லாமல் இன்ஜினை மாற்றி, 800 கி.மீ. ஓட்டி, வயரிங், கூலிங், கியர்பாக்ஸ் எல்லாம் சரியென்று உறுதிசெய்யுங்கள். டர்போ அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துச் சாவியைத் திருப்பினால், வரும் பிழை எந்தப் பக்கத்துப் பிழை என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் போகும்.

இன்ஜினைத் தேர்ந்து திறப்பது

யார்டில் பார்க்கும்போதே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்டுகளை எண்ணுங்கள். கடைசி சிலிண்டர்களான 7, 8 பக்கத்துப் போல்ட் தலை முறிந்திருப்பது இந்த இன்ஜின்களில் சர்வசாதாரணம். விலையைக் குறைக்க அது நல்ல சாக்கு. ஆனால் முறிந்த துண்டைச் சிலிண்டர் தலைக்குள்ளிருந்து எடுக்காமல் டர்போ போட முடியாது. நட் ஒன்றை அதன் மேல் பற்றவைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். இன்ஜினோடு வயரிங், கம்ப்யூட்டர், ஆக்சிலேட்டர் பெடல் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கேபிள் த்ராட்டில் உள்ள ஆரம்ப ஆண்டு இன்ஜின் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய டாஹோவின் பெடல் கேபிள் வகைதான்.

பூஸ்ட் கொடுப்பதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது பிஸ்டன் ரிங் இடைவெளி. கம்பெனி வைப்பது சுமார் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை. பூஸ்ட்டில் ரிங் அதிகம் சூடாகி நீளும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் போவதற்கு இடமில்லாமல் பிஸ்டனின் மேல் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு போகும். "5.3 பிஸ்டன் பலவீனம்" என்று சொல்லிக் காட்டப்படும் உடைந்த பிஸ்டன்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். போர் அளவை 0.006-ஆல் பெருக்குங்கள்: 96 மி.மீ.க்கு 0.58 மி.மீ. மேல் ரிங்குக்கு அது, இரண்டாவது ரிங்குக்கு 0.6 முதல் 0.65. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து 25 மி.மீ. ஆழத்துக்குத் தள்ளி நேராக்கிய பிறகே ஃபீலர் கேஜ் வைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் ராவுங்கள். அரம் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கியே போக வேண்டும், இல்லையென்றால் மேற்பூச்சு உதிரும். ஒவ்வொரு ரிங்கும் அளந்த சிலிண்டருக்கே திரும்பிப் போக வேண்டும்.

இந்த ராடுகளின் மூடி அறுத்துச் செய்ததல்ல, உடைத்துப் பிரித்தது. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. கழற்றும்போதே எண் போட்டுவிடுங்கள்.

ஹெட் போல்ட் ஒருமுறை இழுபட்டால் முடிந்தது, திரும்பப் பயன்படாது. மேலும் 2003 வரை வந்தவற்றில் இரண்டு நீளம், 2004 முதல் ஒரே நீளம். ஸ்டட் போடுவதே மேல். முறுக்குவிசை ஸ்டட் பெட்டியில் உள்ள தாளின்படி. பிளாக்கின் துளைகளில் எண்ணெயோ கூலண்ட்டோ தேங்கியிருந்தால் முறுக்கும்போது அழுத்தம் ஏறி பிளாக் விரிசல் விடும். காற்றடித்து உலர்த்திய பிறகே ஸ்டட்டைத் தொட வேண்டும். கேஸ்கட் பல அடுக்கு எஃகு வகை. எல்எஸ்9 கேஸ்கட்டைப் பலரும் இதற்குப் போடுகிறார்கள்.

வால்வ் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பூஸ்ட்டின் அழுத்தத்தை மீறி வால்வை முழுதாக மூட பழைய ஸ்பிரிங்கால் முடியாது. 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் இன்ஜின் திக்கும். டியூன் செய்பவர், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை அமைப்பவர், அதை இக்னிஷன் கோளாறு என்று துரத்திக்கொண்டிருப்பார்.

ஆயில் பம்பின் பிக்கப் குழாயில் ஒரு சிறிய ஓ-ரிங் இருக்கிறது. அது நசுங்கினாலோ காய்ந்து போனாலோ பம்ப் காற்றை உறிஞ்சும். பிளாக்கின் பின்புறம், கவருக்கு உள்ளே டம்பெல் வடிவில் ஒரு அடைப்பான் உண்டு. அதன் ஓ-ரிங்கும் அப்படியே. சில டாலர்தான் இரண்டும் சேர்ந்து. சூடான இன்ஜினுக்குக் கம்பெனி கேட்கும் குறைந்தபட்ச ஆயில் அழுத்தம் 1,000 ஆர்பிஎம்மில் 6, 2,000-இல் 18, 4,000-இல் 24 பிஎஸ்ஐ. இரண்டு டர்போவுக்கும் ஆயில் கொடுக்கப்போகும் இன்ஜினுக்கு அந்த விளிம்பில் நிற்பது போதாது.

வண்டிக்குள் உட்கார வைத்தல்

பழைய வி8-இன் மவுண்ட்டுக்குப் பக்கத்துக்கு மூன்று போல்ட், எல்எஸ்ஸுக்கு நான்கு. நடுவில் ஒரு அடாப்டர் தட்டு வைத்தால் பழைய மவுண்ட்டே ஏற்கும். ஃபோர் வீல் வண்டியில் முன் டிஃபரென்ஷியலுக்கும் ஆயில் பேனுக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. இருக்கிறதா என்று, சஸ்பென்ஷன் முழுதும் தொங்கிய நிலையிலும் அழுந்திய நிலையிலும் பாருங்கள்.

கியர்பாக்ஸ் 4எல்60இ என்றால் இந்தச் சக்தியில் அது செலவழிந்து போகும் பொருள். முதலில் எரிவது 3-4 கிளட்ச். 4எல்80இ தேடுங்கள், அதே காலத்து கே2500 சபர்பனில் வந்தது. எல்எஸ் கிராங்கின் பின் விளிம்பு பழைய இன்ஜினைவிட 0.4 அங்குலம் உள்ளே இருப்பதால் 4எல்80இ-க்கு ஸ்பேசரும் தட்டையான ஃபிளெக்ஸ்பிளேட்டும் (கிராங்கையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு) நீளமான போல்ட்டும் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் போல்ட்டை இறுக்கிக் கன்வெர்ட்டரை இழுத்தால் அது கியர்பாக்ஸ் பம்பிலிருந்து வெளியே வந்துவிடும். சரிபார்ப்பது சுலபம்: கியர்பாக்ஸை இன்ஜினோடு முழுக்க இறுக்கிய பிறகு, கன்வெர்ட்டரைக் கையால் முன்னே இழுத்தால் ஃபிளெக்ஸ்பிளேட்டைத் தொட 3 முதல் 5 மி.மீ. மட்டுமே நகர வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்தண்டும் மாறும்: 60-க்கு 27 பல், 80-க்கு 32. அதனால் சபர்பனிலிருந்தே இரண்டையும் சேர்த்து எடுப்பது புத்திசாலித்தனம். கிராஸ்மெம்பர் பின்னே நகரும், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குட்டையாகும், முன் ஷாஃப்ட் நீளும்.

சிலிண்டர் தலையின் முன்புறமுள்ள ஆவித் துவாரங்களிலிருந்து ரேடியேட்டரின் உச்சிக்கோ எக்ஸ்பான்ஷன் டேங்குக்கோ ஒரு சிறிய குழாய் போக வேண்டும். அதை அடைத்தவர்கள் உண்டு. கேஜ் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே தலையில் ஆவி தேங்கிக் கேஸ்கட் போகும்.

டேக்கோமீட்டர் பாதி ஆர்பிஎம் காட்டினால் பதற வேண்டாம். எல்எஸ் கம்ப்யூட்டர் நான்கு சிலிண்டர் கணக்கில் சிக்னல் அனுப்புகிறது, டியூனில் மாற்றிவிடலாம். திருட்டுத் தடுப்பு நிரலையும் அங்கேயே நீக்கினால்தான் இன்ஜின் நிற்காமல் ஓடும்.

டர்போவும் குழாயும்

அளவைக் கணக்குப் போட்டு எடுங்கள், படத்தைப் பார்த்து வேண்டாம். 5.3 லிட்டர், அதாவது 325 கன அங்குலம், 6,000 ஆர்பிஎம், 85 சதவீத நிரப்பு என்றால் இன்ஜின் தானாக இழுப்பது நிமிடத்துக்குச் சுமார் 34 பவுண்டு காற்று. 10 பிஎஸ்ஐ பூஸ்ட், இன்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது) சேர்ந்தால் ஏறக்குறைய 53. ஒரு பவுண்டுக்குப் பத்து குதிரைத்திறன் என்பது தோராயக் கணக்கு. ஆக ஒவ்வொரு டர்போவும் 27 பவுண்டைத் திணறாமல் தள்ள வேண்டும். 30 முதல் 40 வரை தாங்குவதாக எடுத்தால் போதும். பெரியதாகப் போட்டால் பூஸ்ட் தாமதமாக வரும். இரண்டேகால் டன் வண்டிக்கு அது எரிச்சல்.

கம்பெனி மேனிஃபோல்ட்டுகளை இடம் மாற்றி, வாய் முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் போடலாம். மலிவான, விரிசல் விடாத வழி. வார்ப்பிரும்பில் நேரடியாகப் பற்றவைக்கப் பார்க்காதீர்கள்; சில சூட்டுச் சுற்றுகளில் தையல் ஓரமாகவே பிளக்கும். ஃபிளாஞ்ச் வைத்து எஃகுக் குழாயை இணையுங்கள். டர்போவின் எடை மேனிஃபோல்டில் தொங்கக் கூடாது, பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள்.

டர்போவின் நடு உடலில் ஆயில் உள்வழி மேலேயும் வெளிவழி கீழேயும் இருக்க வேண்டும். சாய்வு 15-20 பாகைக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்க ஓடுகளைத் திருப்பிக்கொள்ளலாம், நடு உடலைக் கூடாது. ஆயில் லைனை இன்டேக்குக்குப் பின்னால் உள்ள அழுத்த சென்சார் துளையிலிருந்து எடுங்கள். அதன் மரை எம்16×1.5. பால் பேரிங் டர்போவானால் சுமார் 0.9 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும்.

டிரெயின் குழாய்தான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். உள்ளே மெல்லிய லைன் போதும். வெளியே 10 ஏஎன் என்ற குழாய் அளவுக்குக் குறையக் கூடாது. டர்போவிலிருந்து வெளிவரும் ஆயில் நுரையும் காற்றும் கலந்தது, தன் எடையால் மட்டுமே இறங்கும். வழியில் ஒரு தொய்வு இருந்தாலும், ஆயில் மட்டத்துக்குக் கீழே பேனில் சேர்ந்தாலும், அது தேங்கி டர்பைன் பக்கம் கசிந்து சிக்னலில் நிற்கும்போது நீலப்புகை விடும். டர்போ சீல் போய்விட்டது என்று புது டர்போ வாங்குவார்கள், அதுவும் புகைக்கும். பேன் அலுமினிய வார்ப்பு. கழற்றிக் கழுவிய பிறகே அதில் மூட்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

கிராங்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாயில் ஒருவழி வால்வு வையுங்கள். இல்லையென்றால் பூஸ்ட் கிராங்கேஸுக்குள் போய், ஆயில் மறுபடியும் இறங்க மறுக்கும்.

வேஸ்ட்கேட் இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங், 7 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். சிக்னல் குழாய்கள் ஒரே நீளம். ஒரு பக்கம் முந்தித் திறந்தால் மறு டர்போ தனியாகச் சுமை இழுத்து வேகம் மீறும். கேஜில் பார்த்தால் பூஸ்ட் சரியாகவே தெரியும். அதைக் காட்டிக்கொடுப்பது பக்கத்துக்கு ஒன்றாக வைக்கும் வைட்பேண்ட் சென்சார்கள் (எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் கலவையை அளப்பவை). அவற்றை டர்போவுக்குப் பிறகு, அரை மீட்டர் தள்ளி வையுங்கள்.

பேட்டரி முன் மூலையில் இருக்கிறது. அதைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தை டர்போவுக்குக் கொடுங்கள். கேபிளில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம். பிரேக் லைனோ வயரோ டர்பைன் ஓட்டிலிருந்து 15 செ.மீ.க்குள் போனால் தகடு மறைப்பு வேண்டும்.

பெட்ரோல்

550 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 357 பவுண்டு பெட்ரோல். எட்டு இன்ஜெக்டருக்குப் பகிர்ந்து, 85 சதவீதத்துக்கு மேல் திறக்க வேண்டாம் என்று வைத்தால் ஒவ்வொன்றும் 53 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 550 சிசி. இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றுவதாக இருந்தால் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 80 பவுண்டு இன்ஜெக்டர் எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்ரோல் மணிக்கு 220 லிட்டர். பெட்டியில் 255 என்று போட்ட பம்ப் போதும் என்று தோன்றும். ஆனால் ரயில் அழுத்தம் 58, அதன்மேல் பூஸ்ட் 10, மொத்தம் 68 பிஎஸ்ஐயில் அது அவ்வளவு தராது. 340, இ85-க்கு 450. பம்புக்குப் பேட்டரியிலிருந்து தனி ரிலேயும் தடித்த வயரும். 1995 மாடலின் பழைய பம்ப் 13 பிஎஸ்ஐயைத் தாண்டாது, அதை நினைக்கவே வேண்டாம். ரெகுலேட்டர், பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு பிஎஸ்ஐ ஏற்றும் வகை.

முதல் ஓட்டம்

சாவிக்கு முன், ஏர் ஃபில்டர் பக்கம் அடைத்து 10 பிஎஸ்ஐ காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இணைப்பெல்லாம் ரோட்டில் கழன்று போகப்போகும் இணைப்பு. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 மி.மீ.; கம்பெனி இடைவெளியில் விட்டால் பூஸ்ட் பொறியை ஊதி அணைக்கும்.

இன்டேக் அழுத்தத்தை அளக்கும் கம்பெனி மேப் சென்சார் 1 பார் மட்டுமே படிக்கும், அதாவது பூஸ்ட்டே தெரியாது. 2 பார் சென்சார் 14 பிஎஸ்ஐ வரை போதும். டியூனில் தொடக்கமாக, முழு த்ராட்டிலில் பெட்ரோல் அளவுகோலில் 11.5 கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று), டைமிங், டர்போ இல்லாதபோது 28 பாகை என்றால் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு பாகை கழித்து, அதற்கும் கீழே ஆரம்பித்து நாக் (கலவை முறை தவறி வெடிப்பது) வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். பம்ப் பெட்ரோல் 93 ஆக்டேனில் 8 பிஎஸ்ஐயோடு நிறுத்துங்கள். பத்து வேண்டுமென்றால் இ85.

100 கி.மீ. ஓடியதும் டர்பைன் ஃபிளாஞ்ச், மேனிஃபோல்ட் போல்ட், கிளாம்ப் எல்லாம் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கி, ஆயிலை மாற்றி ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மினுக்கும் துகள் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக்கும் பின் ஆக்சிலும் இன்னும் 255 குதிரைத்திறன் காலத்தவை. நின்ற இடத்திலிருந்து ஃபோர் வீலில் போட்டு மிதித்தால் முதலில் முறிவது முன் சிவி ஷாஃப்ட். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இன்ஜின் மாற்றத்தை அரசின் ரெஃப்ரீயிடம் (புகைச் சோதனை நடுவர்) காட்டி அனுமதி பெற வேண்டும். சான்று இல்லாத டர்போ அங்கே தேறாது. குழாய் வெட்டும் முன் அதை விசாரியுங்கள்.