டெர்பியில் வென்ற மறுநாள்: உங்கள் அணியின் பெஞ்ச் பலத்தை அளப்பது எப்படி?

2019 டிசம்பர் 4ஆம் தேதி லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த மெர்சிசைடு டெர்பி (ஒரே நகரத்துக் கால்பந்து அணிகளான லிவர்பூலும் எவர்ட்டனும் மோதும் ஆட்டம்), கோயம்புத்தூரில் இருக்கும் எனக்கு நள்ளிரவு தாண்டி 1.45 மணிக்குத் தொடங்கியது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு அணிப் பட்டியல் வெளியானபோதே வயிற்றைக் கலக்கியது. சலா இல்லை, ஃபிர்மினோ இல்லை, ஹெண்டர்சன் இல்லை. எங்கள் லிவர்பூலின் பயிற்சியாளர் யூர்கன் கிளாப் முந்தைய ஆட்டத்தின் அணியில் ஐந்து பேரை மாற்றியிருந்தார். எவர்ட்டனோடு மோதும் நாளிலா இப்படி என்று எனக்குக் கோபமே வந்தது. ஆறாவது நிமிடத்தில் ஒரிகி கோல் அடித்தார். 17ஆவது நிமிடத்தில் ஷகிரி. முடிவில் லிவர்பூல் 5, எவர்ட்டன் 2. லீகில் தொடர்ந்து 32 ஆட்டங்கள் தோல்வியே காணாமல், கிளப்பின் பழைய சாதனையைத் தாண்டிய இரவும் அதுதான்.

விடிந்ததும் லிவர்பூல் நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நம்மிடம் இரண்டு அணிகள் இருக்கின்றன. நானும் அப்படித்தான் சொன்னேன். அன்று மாலை அது மெய்தானா, மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சில் அவ்வளவு பலம் இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டெர்பிக்குப் பிறகும் அதையே செய்துவருகிறேன். எந்த அணியை நேசிப்பவரும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

வென்ற இரவில் மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்த இரவு கொண்டாட்டத்துக்கு உரியது. கோல்களைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், நண்பர்களை எழுப்புங்கள், தூங்காமல் வேலைக்குப் போங்கள். நோட்டை மறுநாள் திறந்தால் போதும்.

முதலில், வீரர்கள் பட்டியலை எழுத வேண்டாம். பிரீமியர் லீகில் ஒரு கிளப் 25 பேர் வரை பதிவு செய்யலாம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அத்தனை பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எந்த அணியும் பெரிய அணியாகத்தான் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் மைதானத்தை வரைந்து, 11 இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று பெயர்களுக்கு இடம் விடுங்கள்: வழக்கமாக ஆடுபவர், அவர் இல்லாவிட்டால் ஆடுபவர், அவரும் இல்லாவிட்டால் ஆடுபவர். முதல் இரண்டையும் பேனாவால் எழுதுங்கள். மூன்றாவது பென்சிலில் இருக்கட்டும்.

இதில் ஒரே ஒரு விதி உண்டு, அதைத் தளர்த்தவே கூடாது. ஒருவர் பெயர் பக்கத்தில் ஒரு முறைதான் வரலாம். இரண்டாவது முறை எழுத வேண்டி வந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். இந்த விதி நான் பார்க்கும் வேலையிலிருந்து வந்தது. ஒரு பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்கு டூட்டி பிரித்துக் கொடுப்பவன் நான். ஊட்டி வண்டிக்கு வர வேண்டியவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டால், கையில் எத்தனை ஓட்டுநர்கள் இருக்கிறார்கள் என்பது பேச்சே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்பிப் பழகியவர் இன்று ஓய்வில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அவரை ஏற்கெனவே சேலம் வண்டிக்குப் போட்டிருந்தால், அவரை எடுத்து ஊட்டிக்கு அனுப்பும்போது சேலம் வண்டி நிற்கும். வட்டம் போட்ட ஒவ்வொரு பெயரும் அப்படி நிற்கப்போகும் ஒரு வண்டி.

அடுத்து, மாற்று வீரர் ஆடிய இடம் ஒவ்வொன்றுக்கும் அருகில் காரணத்தை எழுதுங்கள். வழக்கமானவர் ஏன் ஆடவில்லை? ஓய்வா, காயமா, தடையா? மூன்றும் வெவ்வேறு. அன்று கோல்கீப்பர் அலிசன் இல்லாததற்குக் காரணம், நான்கு நாள் முன்பு பிரைட்டனுக்கு எதிராக வாங்கிய சிவப்பு அட்டை. ஃபபினோவும் மத்திப்பும் காயத்தில் இருந்தார்கள். சலாவும் ஃபிர்மினோவும் ஹெண்டர்சனும் நல்ல உடல்நிலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு கொடுத்து வெல்வது பயிற்சியாளரின் துணிவையும் காட்டும், பெஞ்ச் பலத்தையும் காட்டும். ஆனால் ஆட்டம் கைமீறினால் சலாவை இறக்கலாம் என்ற தைரியம் அதன் பின்னால் இருக்கிறது. காயத்தால் இல்லாதவரின் இடத்தில் அந்தத் தைரியம் கிடையாது. அன்று சலா ஒரு நிமிடம்கூட ஆடத் தேவைப்படவில்லை. ஃபிர்மினோ பிற்பாடு இறங்கி, 90ஆவது நிமிடத்தில் வைனால்டத்தின் கோலுக்குப் பந்தைக் கொடுத்தார்.

இனி ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். முழு ஆட்டத்துக்கு நேரமில்லை என்றால் கோல்களையாவது பாருங்கள், ஆனால் அடித்தவரை விட்டுவிட்டுக் கொடுத்தவரைப் பாருங்கள். முதல் கோல்: மானே ஊடே தள்ளிய பந்தை ஒரிகி வாங்கி, எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார். இரண்டாவது: மீண்டும் மானே, இம்முறை ஷகிரிக்கு. நான்காவது: அலெக்சாண்டர்-அர்னால்டு சொந்தப் பெனால்டி பெட்டி அருகிலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு வந்து குறுக்கே கொடுக்க, மானே அடித்தார். அதாவது புதியவர்கள் அடித்த கோல்களின் பின்னால் பழையவர் ஒருவர் நின்றார். வான் டைக், ராபர்ட்சன், அலெக்சாண்டர்-அர்னால்டு, வைனால்டம், மானே என்ற முதுகெலும்பு அப்படியே இருந்தது. ஆகவே நோட்டில் இன்னொரு வரியும் தேவை: மாற்று வீரரைச் சுற்றி வழக்கமானவர்கள் எத்தனை பேர்? இரண்டு மூன்று பேரை மாற்றினால் மற்றவர்கள் தாங்குவார்கள். ஏழெட்டுப் பேரை மாற்றினால் அது வேறு அணி.

மூன்றாவது கோலை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வேன். அது மாற்று வீரர்கள் இருவர் மட்டுமே சேர்ந்து செய்தது. லோவ்ரன் சொந்தப் பாதியிலிருந்து ஒரு நீண்ட பந்தை மேலே தூக்கி அனுப்புகிறார். ஒரிகி திரும்பி ஓடிக்கொண்டே, தோளுக்குப் பின்னால் இறங்கும் பந்துக்குக் காலை நீட்டுகிறார். பந்து பூட்ஸ் நுனியில் பட்டு, குருவி கிளையில் அமர்வது போல அடங்கி விழுகிறது. அடுத்த தொடுதலில் பிக்ஃபோர்டின் தலைக்கு மேல் போகிறது. வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கால் அது! டெர்பி என்றால் ஒரிகிக்கு ஏதோ ஒன்று வந்துவிடும். லிவர்பூலுக்காக எவர்ட்டன் வலையில் அவர் அடித்தவை மொத்தம் ஆறு. 2018 டிசம்பரில் 96ஆவது நிமிடத்தில் அடித்ததை யார் மறப்பார்கள்? அவர் பெயரை இரண்டாவது இடத்தில் பேனாவால் எழுதினேன், அதற்காக இன்றும் மகிழ்கிறேன்.

எதிரணியின் நிலையையும் கழித்துப் பாருங்கள். இது மனதுக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் செய்ய வேண்டும். அந்தத் தோல்வியோடு எவர்ட்டன் கீழ் லீகுக்கு இறங்கும் மண்டலத்துக்குள் விழுந்தது. மறுநாளே பயிற்சியாளர் மார்கோ சில்வா நீக்கப்பட்டார். அப்படிப்பட்ட அணியும் நமக்கு எதிராக இரண்டு கோல் அடித்தது. இரண்டும் முதல் பாதியில். அவற்றை விடாமல் எழுதி வைத்தேன்.

பிறகு ஆட்ட அட்டவணையை எடுங்கள். அந்த டிசம்பரில் மட்டும் லிவர்பூலுக்கு ஒன்பது ஆட்டங்கள். 17ஆம் தேதி லீக் கோப்பையில் ஆஸ்டன் வில்லாவோடு, 18ஆம் தேதி கிளப் உலகக் கோப்பைக்காகத் தோஹாவில் மாண்டரேயோடு. இரண்டு நாட்கள், இரண்டு அணிகள். தோஹாவில் 2-1 என வென்றோம். வில்லாவின் ஊரான பர்மிங்காமில் நம் இளையோர் அணிச் சிறுவர்கள் 5-0 எனத் தோற்றார்கள். "இரண்டு அணிகள் இருக்கின்றன" என்ற பேச்சுக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாதம் லீகில் ஒரு புள்ளிகூட நழுவவில்லை. பெஞ்ச் பலத்தின் பயன் டெர்பி ஸ்கோரில் தெரிவதைவிட மூன்று வாரம் கழித்துத் தெரியும். சலாவுக்கும் ஃபிர்மினோவுக்கும் டிசம்பர் 4ஆம் தேதி கிடைத்த ஓய்வு, 21ஆம் தேதி கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிளமெங்கோவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஃபிர்மினோ அடித்த கோலில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அந்தப் பருவத்தை 99 புள்ளிகளோடு, 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தோடு முடித்தோம்.

2020 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் எவர்ட்டன், இம்முறை எஃப்.ஏ. கோப்பை. கிளாப் ஒன்பது பேரை மாற்றினார். எவர்ட்டனின் புதிய பயிற்சியாளர் அன்செலோட்டி கையில் இருந்ததில் பலமான அணியை இறக்கினார். நம் பக்கம் 16 வயது ஹார்வி எலியட், 18 வயது நெக்கோ வில்லியம்ஸ், அன்றுதான் முதல் ஆட்டம் ஆடும் மினமினோ. அனுபவத்துக்கென்று நிறுத்தியிருந்த மில்னர் ஒன்பதாவது நிமிடத்தில் காயத்தோடு வெளியேறினார். முதல் பாதியில் கோல்கீப்பர் அட்ரியான் நல்ல சில பந்துகளைத் தடுத்து நம்மைக் காப்பாற்றினார். 71ஆவது நிமிடத்தில் அந்த நகரத்திலேயே பிறந்த 18 வயது கர்டிஸ் ஜோன்ஸ் பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே போனது. 1-0. நான் அழுதேன்.

இப்படிப்பட்ட வெற்றியை நோட்டில் எப்படி எழுதுவது? ஜோன்ஸை நடுகளத்தில் மூன்றாவது பெயராகப் பென்சிலில் எழுதினேன். ஓர் ஆட்டத்தை வைத்து எந்தச் சிறுவனையும் பேனாவுக்கு மாற்றாதீர்கள். ஆனால் பென்சிலில்கூட எழுதாமல் விட்டுவிடவும் கூடாது. அன்று மையத் தற்காப்பில் கோமெஸுக்குப் பக்கத்தில் நின்ற உயரமான பையன் நாட் பிலிப்ஸ். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிளப்புக்குக் கடனாகப் போயிருந்தவரை ஆள் பற்றாமல் திரும்ப அழைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து சில நாளில் மீண்டும் அங்கேயே அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்தேன். கோணல்மாணலான எழுத்து.

வீரர்களை வாங்கி விற்கும் காலம் முடிந்ததும் அதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, இதுதான் முக்கியம். 2020 கோடையில் லோவ்ரனை ரஷ்யாவின் ஜெனிட் கிளப்புக்கு விற்றார்கள். அந்த இடத்துக்கு வேறு மையத் தற்காப்பு வீரரை வாங்கவில்லை. பெயரை அடித்தேன். வான் டைக், கோமெஸ், மத்திப். இரண்டு இடங்களுக்கு மூன்று பேர். நான்காவதாக ஃபபினோவை எழுதினேன், ஆனால் அவர் நடுகளத்தில் ஏற்கெனவே இருக்கிறார். வட்டம். அவரையும் இழந்தால் ஹெண்டர்சன். அதுவும் வட்டம். பட்டம் வென்ற மகிழ்ச்சியில் அந்த வட்டங்களை நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 17 அன்று எவர்ட்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் நடந்த டெர்பியில் பிக்ஃபோர்டோடு மோதிய வான் டைக், காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் திரும்பவில்லை. நவம்பரில் கோமெஸும் காயத்தில் போனார். ஜனவரி இறுதியில் மத்திப். 2021 பிப்ரவரி 20 டெர்பியில் ஃபபினோவும் காயத்தால் ஆடவில்லை. கடனாக வந்திருந்த கபாக்கும் ஹெண்டர்சனும் மையத் தற்காப்பில் நின்றார்கள். மூன்றாவது நிமிடத்தில் இருவருக்கும் இடையே வந்த பந்தை ரிச்சர்லிசன் கோலாக்கினார். முதல் பாதியிலேயே ஹெண்டர்சனும் காயத்தோடு வெளியே போனார். 0-2. 1999க்குப் பிறகு ஆன்ஃபீல்டில் எவர்ட்டன் பெற்ற முதல் வெற்றி. நடுகளத்து இருவரைப் பின்னால் இழுத்ததால் நடுகளமும் பலவீனமாகி, முன்களத்துக்குப் பந்து போவதும் குறைந்த மாதங்கள் அவை. சேலம் வண்டி நின்றுவிட்டது.

அன்று ஹெண்டர்சனுக்குப் பதிலாக இறங்கியவர் நாட் பிலிப்ஸ். மார்ச் மாதத்திலிருந்து அவரும் கபாக்கும், பிறகு அவரும் ரீஸ் வில்லியம்ஸும் பின்னால் நின்றார்கள். அதனால் ஃபபினோ நடுகளத்துக்குத் திரும்பினார். நோட்டில் ஒரு வட்டத்தை அழித்தேன். கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா. மூன்றாம் இடம், சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. மே 19 அன்று பர்ன்லியில் மானே தூக்கிக் கொடுத்த பந்தைப் பிலிப்ஸ் தலையால் முட்டிக் கோலாக்கியபோது இங்கே நேரம் அதிகாலை ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் பேனாவை எடுத்து, ஓரத்தில் மங்கியிருந்த அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினேன்.