தளம் போடும் முன்னும் பின்னும்: வீட்டுக்காரர் தானே சரிபார்க்க வேண்டியவை

வீட்டின் கான்கிரீட் கூரைத் தளம் போடும் நாளில் கலவை மேலே ஏறத் தொடங்கிவிட்டால் யாரும் எதற்காகவும் வேலையை நிறுத்த மாட்டார்கள். ஆட்கள் வந்திருப்பார்கள், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், கலவை இறுகிக்கொண்டிருக்கும். "இந்த இடத்தில் கம்பி கீழே கிடக்கிறதே" என்று அப்போது சொன்னால் "பார்த்துக்கிறோம் சார்" என்ற பதில்தான் வரும். ஆகவே பார்க்க வேண்டியதை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்கி, வரைபடத்தையும் டேப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். பொறியாளர் உடன் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் அளவுக் கணக்கு

1,000 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் என்றால் 417 கன அடி, அதாவது ஏறத்தாழ 11.8 கன மீட்டர். பீம் தனிக் கணக்கு. தளத்துக்குக் கீழே 9 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள பீம் மொத்தம் 120 அடி நீளம் ஓடினால் இன்னொரு 90 கன அடி சேரும். இரண்டும் சேர்த்து 14.4 கன மீட்டர். சிந்துவதற்கும் கலவையைத் தாங்கும் பலகை சற்றே தொய்வதற்கும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து சேர்த்தால் 15 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ரெடிமிக்ஸ், அதாவது ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட், வாங்குபவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான். கடைசி வண்டி குறைந்துபோய், இன்னொரு வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் போட்ட இடம் இறுகியிருக்கும். புதுக் கலவை அதோடு ஒட்டாமல் கோல்டு ஜாயிண்ட் விழும், மழை வந்தால் அந்தக் கோட்டில்தான் ஒழுகும்.

இடத்திலேயே கலப்பதென்றால் சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை எட்டு தேவை. மேலே சொன்ன தளத்துக்கு 120 மூட்டை. ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவு சுமார் 35 லிட்டர். அதற்கு மணல் 52 லிட்டர், ஜல்லி 105 லிட்டர். சட்டியால் எண்ணாமல் இந்த அளவுக்கு அடியில்லாத பெட்டி செய்து அளந்து போடச் சொல்லுங்கள். சட்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிறையும்.

முட்டும் பலகையும்

ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. 125 மி.மீ. கனமுள்ள தளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 310 கிலோ. அதன்மேல் ஆட்கள், குழாய், குவிந்து விழும் கலவை. பலகையைக் கீழிருந்து தாங்க ஒரு மீட்டருக்கு ஒரு முட்டு என்று நின்றாலும் அரை டன்னுக்கு நெருக்கமான கனத்தை ஒவ்வொன்றும் தாங்கியாக வேண்டும். இதற்குமேல் இடைவெளி விட்டிருந்தால் நடுவில் கூடுதல் முட்டு கேளுங்கள்.

முட்டின் கால் எதன்மேல் நிற்கிறது என்பதைக் குனிந்து பாருங்கள். நிரப்பிய மண்மேல் நேரடியாக நிற்கக் கூடாது, இரண்டு மூன்று செங்கல் அடுக்கி அதன்மேலும் நிற்கக் கூடாது. அடியில் அகலமான பலகை வேண்டும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் காலையில் ஒவ்வொரு முட்டையும் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும், மண் இளகியிருக்கும். முட்டுகளுக்கிடையே குறுக்குக் கட்டு இல்லையென்றால் பம்ப் குழாய் உதறும் உதறலிலேயே சாயலாம்.

பலகை இடுக்குகளில் சிமெண்ட் பால் ஒழுகினால் அங்கே மணலும் ஜல்லியும் மட்டும் மிஞ்சித் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். டேப் ஒட்டியோ பூசியோ அடையுங்கள். எண்ணெய் பூசுவது கம்பி கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் பிடிக்காது.

கம்பி: இங்கே நிதானமாக நில்லுங்கள்

கம்பியின் கனத்தைச் சோதிக்க ஒரு சுலப வழி: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.89. ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஏற இறங்க இருப்பது இயல்பு, நூற்றுக்குப் பத்து குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து கவர் பிளாக், அதாவது கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் துண்டு. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40 என்பது பொதுவான அளவு. கடலோரத்தில் இன்னும் கூட வேண்டும், வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. இரு திசையிலும் ஒரு மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும். உடைந்த ஜல்லியையோ டைல்ஸ் துண்டையோ செருகியிருந்தால் எடுத்துப் போடச் சொல்லுங்கள். கலவை விழும்போது ஜல்லி நழுவும், கம்பி பலகையில் போய்ப் படுக்கும். சில வருடங்களில் கூரையின் அடிப்பக்கம் துருக்கோடு தெரிந்து பெயர்ந்து விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கம்பிச் சேர்க்கை, அதாவது ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும் நீளம், விட்டத்தைப்போல் ஐம்பது மடங்கு என்று வைத்தால் பாதுகாப்பு: 10 மி.மீ. கம்பிக்கு 500 மி.மீ. எல்லாச் சேர்க்கையும் ஒரே வரிசையில் வரக் கூடாது.

இனி மேல்கம்பி. தளத்தின் நடுவில் இழுவிசை அடிப்பக்கம் இருக்கும், சுவர் அல்லது பீம் மேல் வரும் இடத்தில் அது மேல்பக்கத்துக்கு மாறும். அதனால்தான் ஓரங்களில் மேல்கம்பி கட்டுகிறோம். பால்கனி, சன்ஷேடு போல ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீண்டிருக்கும் பகுதிகளில் முழு வலுவும் மேல்கம்பியில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 125 மி.மீ. பால்கனியில் மேல்கம்பி அடிப்பரப்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து மிதித்து அது 30 மி.மீ. இறங்கினால் தாங்கும் திறனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முழுக்கத் தரையிறங்கிவிட்டால் முட்டு எடுக்கும் அன்றே பால்கனி கையோடு வரும்.

ஆகவே மேல்கம்பிக்கு அடியில், அதைத் தூக்கிப் பிடிக்க நாற்காலி போல வளைத்த 'சேர்' கம்பி மீட்டருக்கு ஒன்றாவது இருக்கட்டும். பால்கனியில் இன்னும் நெருக்கமாகப் போடுங்கள். வெளியே நீளும் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது அந்தக் கம்பி உள்தளத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். 1.2 மீட்டர் பால்கனி என்றால் உள்ளே 1.8 மீட்டர். டேப் வைத்து அளந்து பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது. ஆட்கள் நடக்கத் தனிப் பலகைப் பாதை போடாமல் கலவை தொடங்க விடாதீர்கள். எங்கள் கணிப்பில் தளத்துக்கு நேரும் கேடுகளில் பாதியைக் காலணிதான் செய்கிறது.

மறந்தால் பிறகு உடைக்க வேண்டியவை

தன் விருப்பப்படி வீடு கட்டுபவர்களுக்கு இந்தப் பட்டியல் நீளும். மின்விசிறிக் கொக்கிப் பெட்டி, விளக்குப் பெட்டி, ஏசிக் குழாய் இறங்கும் துளை, கழிவறைக் குழாய்த் துளை, மழைநீர்க் குழாய், மேல் வெளிச்சம் விழும் திறப்பு, மேல்மாடித் தூணுக்கு விட வேண்டிய கம்பி. தளம் போட்டபின் டிரில் போட்டால் எந்தக் கம்பி அறுகிறது என்று தெரியாது. பெரிய திறப்பு இருந்தால் அதைச் சுற்றி அறுபட்ட கம்பிக்கு ஈடாகக் கூடுதல் கம்பியும், நான்கு மூலையிலும் குறுக்காகச் சாய்ந்த கம்பியும் வேண்டும். இல்லாவிட்டால் மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

மின்குழாய்கள் கீழ்க்கம்பிக்கு மேலும் மேல்கம்பிக்குக் கீழும் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் வசதிக்காக எட்டுப் பத்துக் குழாயை ஒரே கட்டாகக் கட்டி ஓட்டியிருந்தால் பிரித்து இடைவெளி விடச் சொல்லுங்கள், குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு. கட்டாகப் போகும் இடத்தில் தளம் பாதிக் கனம்தான். வாய்களைப் பேப்பரால் அடைத்து, பெட்டிகளை மூடி, எல்லாவற்றையும் மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்து வையுங்கள். பிறகு சீலிங் அடிக்கும்போது அந்தப் படங்கள் உதவும்.

கலவை நாள்

தண்ணீர்தான் இந்த நாளின் எதிரி. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் போதும், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கலவை தானாக ஓட வேண்டும் என்று ஆட்கள் தண்ணீரைக் கூட்டுவார்கள், அவர்களுக்கு இடுப்பு வலி குறையும். ஒரு கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடினாலே ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு, 25 மி.மீ. ஏறும், வலு இருபதில் ஒரு பங்கு குறையும். ரெடிமிக்ஸ் வண்டியிலும் இதே கதைதான். கலவை கெட்டியாக வந்தால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைச் சேர்க்க நிறுவனத்தின் ஆளிடம் சொல்லுங்கள், ஹோஸால் தண்ணீர் விட வேண்டாம். தண்ணீர் சேர்த்ததிலிருந்து இரண்டு மணி நேரம் தாண்டிய வண்டியை ஏற்காதீர்கள், சீட்டில் நேரம் எழுதியிருக்கும்.

ஸ்லம்ப் சோதனைக்குக் கூம்பு போதும். 300 மி.மீ. உயரம், அடியில் 200, மேலே 100. அடுக்கடுக்காக நிரப்பி ஒவ்வொரு அடுக்குக்கும் 25 குத்து, பிறகு கூம்பை நேராகத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்பதே அளவு. கையால் போடும் தளத்துக்கு 75 முதல் 100 மி.மீ., பம்ப்புக்கு 100 முதல் 150. வலுவைச் சோதிக்க அதே கலவையில் 150 மி.மீ. கனசதுரக் கட்டி (கியூப்) ஆறு எடுத்து வையுங்கள். மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் உடைக்கலாம். 7 நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்க வேண்டும்.

கலவைக்குள் இருக்கும் காற்றை அதிர்த்து வெளியேற்றும் வைப்ரேட்டரை, கலவையை இழுக்கும் கோலாகப் பயன்படுத்துவது நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் காட்சி. அப்படி இழுத்தால் சாந்து ஒரு பக்கமும் ஜல்லி ஒரு பக்கமும் பிரியும். கலவைக்குள் இறங்கும் அதன் ஊசி 40 மி.மீ. கனம் என்றால் ஓர் அடிக்கு ஒரு தரம் இறக்கி, 5 முதல் 15 நொடி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருக்கும். அங்கே 25 மி.மீ. ஊசி தயாராக இருக்கட்டும். ஒரு வைப்ரேட்டர் பழுதானால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும்.

எக்காரணத்தாலோ வேலையை நிறுத்த நேர்ந்தால் பீம்களுக்கிடையே தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள், பலகை வைத்துச் செங்குத்தாக முடியுங்கள். சரிவாக விட்டுப் போவது தவறு. பீமின் முகத்தருகே நிறுத்துவது அதைவிடத் தவறு.

மேல்பரப்பில் நீர் மினுங்கும்போது காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்க வருவார்கள். வேண்டாம். அந்தத் தோல் தனியாகச் சுருங்கி வெடிக்கும். நீர் வற்றும்வரை காத்திருந்து தேய்த்தால் போதும்.

நீர் கட்டுவதும் முட்டு எடுப்பதும்

வெயிலும் காற்றும் உள்ள நாளில் தேய்த்து முடித்த பகுதியை உடனே பாலித்தீன் போட்டு மூடுங்கள். முதல் சில மணி நேரத்தில் விழும் மெல்லிய விரிசல்கள் மேல்பரப்பு சீக்கிரம் காய்வதால் வருபவை, மறுநாள் ஊற்றும் தண்ணீர் அவற்றை மூடாது. மறுநாள் காலை பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் அல்லது கசடு கலந்த சிமெண்டுக்கு 14 நாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஹோஸால் நனைப்பது நீர் கட்டுவது ஆகாது. இடையில் காய்ந்தால் இறுகும் வேலை நின்றுபோகும்.

முட்டுக்கு அவசரமே கூடாது. பக்கப் பலகையை மறுநாள் எடுக்கலாம். தளத்தின் முட்டு 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. இவை சாதாரண சிமெண்டுக்கு உள்ளவை. கலப்பு சிமெண்ட், குளிர்காலம் என்றால் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். எடுக்கும் வரிசையும் முக்கியம்: தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பால்கனியில் வெளிநுனியிலிருந்து சுவருக்கு. மாற்றி எடுத்தால் கம்பி இல்லாத பக்கம் இழுபடும்.

பலகை இறங்கிய அன்றே டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சுக்காரர் வருவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும், பூசிவிட்டால் எல்லாத் தளமும் நல்ல தளம்தான். தேன்கூடு தெரிந்தால் தளர்ந்ததைச் செதுக்கி, கெட்டியான பகுதி வரும்வரை போய், நனைத்து, சுருங்காத பழுதுச் சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி வெளியே தெரிகிற அளவுக்கோ பீமும் தூணும் சேரும் இடத்திலோ இருந்தால் பொறியாளர் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. மேல்மாடிக்கு வரும் செங்கல்லைத் தளத்தின் நடுவில் ஒரே குவியலாக அடுக்க விடாதீர்கள். 28 நாள் கியூப் முடிவு கைக்கு வரும்வரை பீம் ஓரமாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள்.