ஆறாம் மாதமா, ஆறு மாதமா? பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கும்போது நடக்கும் தவறுகள்

பிள்ளைக்கு எப்போது சோறு தீத்தலாம் என்று கொழும்பில் எந்தக் கிளினிக்கில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 6 மாதம் முடிந்ததும். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது, எங்கள் குடும்ப சுகாதாரப் பணியகமும் அதைத்தான் சொல்கிறது. பதில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடங்கும் நாள் வீட்டுக்கு வீடு மாறுகிறது. முதல் குழப்பம் மாதத்தை எண்ணுவதிலேயே வந்துவிடுகிறது.

"பிள்ளைக்கு ஆறாம் மாதம்" என்று தமிழில் சொன்னால் ஐந்து முடிந்து ஆறாவது நடக்கிறது என்று பொருள். ஜனவரி 14ஆம் திகதி பிறந்த பிள்ளைக்கு ஜூன் 14 அன்றே ஆறாம் மாதம் பிறந்துவிடும். 6 மாதம் முடிவதோ ஜூலை 14 அன்று. 180 நாள் என்று எண்ணினாலும் ஜூலை 13 வந்துவிடும். இந்த ஒரு மாத இடைவெளியில்தான் பல வீடுகளில் சோறு தொடங்கப்படுகிறது, அதுவும் வைத்தியர் சொன்னபடிதான் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு.

பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆணுக்கு இரட்டை மாதம், பெண்ணுக்கு ஒற்றை மாதம் என்பது சோறு தீத்தும் சடங்குக்குப் பெரியவர்கள் பார்க்கும் கணக்கு. ஐந்தாம் மாதத்தில் நாள் வைத்தால் பிள்ளைக்கு முடிந்திருப்பது 4 மாதம்தான். அதற்கு அடுத்த ஒற்றை மாதத்தைப் பாருங்கள்: ஏழாம் மாதம் பிறக்கும் நாளும் 6 மாதம் முடியும் நாளும் ஒன்றே. சடங்கும் கிளினிக்கும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஆண் பிள்ளைக்கு அப்படிப் பொருந்தாது. எட்டாம் மாதம் வரை காத்திருந்தால் ஒரு மாதம் பிந்திவிடும். 6 மாதம் முடிந்ததும் வீட்டில் உணவைத் தொடங்கிவிட்டு, கோயிலில் தீத்துவதை எட்டாம் மாதத்தில் வசதியான நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சடங்குக்கு முன் ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பம்மாவிடம், 6 மாத ஊசிக்குப் போகும்போது பகுதி மிட்வைஃபையே பேசச் சொல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட அந்தச் சொல் எடுபடும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 34 வாரத்தில் பிறந்த பிள்ளை 40 வாரத்துக்கு 6 வாரம் முந்தி வந்தது. அதற்கு எப்போது தொடங்குவது, இரும்புச்சத்துத் துளி வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

பசி என்று நினைப்பது

நான்கு மாதமளவில் பிள்ளை இரவில் மீண்டும் மீண்டும் எழும்பும். கையை வாய்க்குள் திணிக்கும். நாம் சாப்பிட்டால் கோப்பையிலிருந்து வாய் வரைக்கும் கண்ணால் தொடரும். "பிள்ளை எங்கட வாயையே பார்த்துக்கொண்டிருக்குது, பால் காணாது போல, ரெண்டு கரண்டி குடுத்துப் பார் பிள்ளை" என்பார்கள். இவை மூன்றும் அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்பவை. தூக்கத்தின் ஒழுங்கு மாறும் வயது அது, கையால் உலகத்தை அறியும் வயதும் அது. சோறு கொடுத்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்று எண்ணிக் கொடுப்பவர்கள் பலர். அரை வயிறு கஞ்சியால் நிரம்பினால் தாய்ப்பால் அவ்வளவுக்குக் குறையும், கிண்ணத்தோடும் கரண்டியோடும் வயிற்றோட்டம் வரும் வழியும் திறக்கும்.

பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. சாய்ந்து இருத்தினால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது நாக்கு. கழுவிய வெறும் தேக்கரண்டியைக் கீழுதட்டில் மெல்ல வையுங்கள். நாக்கு முன்னே வந்து கரண்டியை வெளியே தள்ளினால், பால் உறிஞ்சுவதற்காகப் பிறவியிலேயே வந்த அந்தத் தள்ளல் இன்னும் அடங்கவில்லை. அந்த வாயில் சோற்றை வைத்தால் நாடியில்தான் வழியும். இந்த மூன்றும் சேர்ந்து வருவது பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டித்தான்.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு நெருக்கடி வேறு விதம். 84 நாள் விடுமுறை முடிந்ததும் பிள்ளையை அம்மம்மாவிடமோ டே கெயாரிலோ விட வேண்டும், அதற்காகவே நான்காம் மாதத்தில் கஞ்சி பழக்குகிறார்கள். அதற்குப் பதிலாகப் பாலைக் கறந்து வைக்கப் பழகுவது நல்லது. கறந்த பால் 25 பாகைக்குள் உள்ள அறையில் 4 மணி நேரமும், பிரிட்ஜில் 4 நாளும் இருக்கும். கொழும்பு வீடுகளில் பகலில் 30 பாகையும் தாண்டும், எனவே வெளியில் வைக்கும் கணக்கை மறந்துவிடுங்கள். கறந்ததும் பிரிட்ஜில் வையுங்கள், கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கமாக. அலுவலகத்திலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொதியோடு கொண்டுவாருங்கள். எடுத்துக் கொடுக்கும்போது சூடான நீருள்ள பாத்திரத்தில் போத்தலை இறக்கிக் குளிரை எடுத்தால் போதும், அடுப்பில் காய்ச்ச வேண்டாம்.

6 மாதத்துக்கு முன் தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கொத்தமல்லித் தண்ணியும் கிரைப் வாட்டரும் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தைத்தான் பிடிக்கின்றன.

பல்லுக்காகக் காத்திருப்பது

முந்துவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பிந்துவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "பல்லு முளைக்கட்டும், பல்லுக்கொழுக்கட்டை அவிச்ச பிறகு பாப்பம்" என்று எட்டு மாதம் வரை தாய்ப்பாலோடு மட்டும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் பல் சிலருக்கு 6 மாதத்தில் வரும், சிலருக்கு ஒரு வயது தாண்டியும் வரும். குழைத்த சோற்றுக்குப் பல் தேவையில்லை. ஒரு விரலைக் கழுவி முரசில் வைத்துப் பாருங்கள், அது எவ்வளவு அழுத்தமாக நெரிக்கும் என்று தெரியும்.

பிந்தினால் முதலில் குறைவது இரும்புச்சத்து. பிள்ளை பிறக்கும்போது தாயிடமிருந்து சேமித்துக்கொண்டு வந்த இரும்பு ஏறத்தாழ 6 மாதத்தில் கரைந்துவிடும். நிறை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அதற்கும் முன்பே. ஒரு லீற்றர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. 7 மாதம் முதல் 12 மாதம் வரை நாளுக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்க வைத்தியர்களின் கணக்கு. இடையிலுள்ள அவ்வளவையும் உணவுதான் தர வேண்டும். வளர்ச்சிப் பதிவேட்டில் அதுவரை கோட்டோடு ஏறிவந்த புள்ளி 7 மாதத்தில் படுக்கத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டியது உணவு எப்போது தொடங்கியது, என்ன கொடுக்கிறீர்கள் என்பதையே.

தண்ணியாகக் கரைப்பது

எங்கள் கணிப்பில், சரியான நாளில் தொடங்கும் வீடுகளில்கூட அதிகம் நடக்கும் தவறு இதுதான். தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் கஞ்சியை நீராகக் கரைத்து, சில வீடுகளில் போத்தலில் ஊற்றியும் கொடுக்கிறார்கள். இந்த வயதில் ஒரு வேளைக்கு வயிற்றில் கொள்வது நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கிராம் அளவுதான். 7 கிலோப் பிள்ளைக்கு 200 கிராம் சொச்சம். அதை நீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

சோதனை சுலபம். குழைத்த உணவைக் கரண்டியில் அள்ளிச் சரித்துப் பிடியுங்கள். கரண்டியிலேயே ஒட்டி நின்று, மெல்லக் கட்டியாக நழுவினால் பதம் சரி. ஒழுகினால் இன்னும் இறுக வேண்டும்.

அளவுக்கு ஒரு சட்டி: கழுவிய சம்பா அரிசி 2 மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு 1 மேசைக்கரண்டி, நெருப்புப்பெட்டி அளவில் ஒரு துண்டு பூசணி அல்லது வற்றாளங்கிழங்கு, 2 கோப்பைத் தண்ணீர். மூடி, சிறு தீயில் பருக்கை விரலிடையில் நசியும் வரை அவியுங்கள். கஞ்சியை வடித்து ஊற்ற வேண்டாம். இறக்கி, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் குழையுங்கள். இறுகிவிட்டால் தண்ணீர் விடாமல் கறந்த தாய்ப்பாலில் தளர்த்துங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சோற்றை மட்டும் இப்படிக் குழைத்துக் கொடுத்து, பிறகு பருப்பையும் காயையும் சேர்க்கலாம்.

முதல் நாள் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். நேரம் காலை 10 மணியளவில், பிள்ளை பசியால் அழுவதற்கு முன்பு. அழும் பிள்ளைக்கு வேண்டியது முலை, அந்த நேரத்தில் கரண்டியை நீட்டினால் கரண்டியையே வெறுக்கும். முதல் வாரத்தில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டிக்கு வந்து, 8 மாதத்துக்குள் 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைவாசி, நாளுக்கு 2, 3 வேளை என்று ஏற்றுங்கள். தாய்ப்பால் வழமைபோல் தொடர வேண்டும். தலையைத் திருப்பினால், வாயை இறுக்கினால் அந்த வேளை முடிந்தது. கையைப் பிடித்து வைத்துத் திணிப்பதும், போனைக் காட்டி வாய் திறக்க வைப்பதும் வயிறு நிறைந்ததை உணரும் அறிவைக் கெடுக்கும்.

மிச்சம் வைப்பதில் கொழும்பு வெக்கையை நினைவில் வையுங்கள். சமைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது, கடும் வெயில் நாளில் 1 மணி நேரம். பிள்ளையின் எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், பிரிட்ஜில் வைத்தாலும் அது பழுதுதான்.

மீனும் முட்டையும் பிறகு பார்க்கலாம் என்பது

ஒரு வயது வரை மரக்கறியும் சோறும் மட்டும் என்று வைப்பதற்குக் காரணம் கிடையாது. இரும்பு நன்றாக உடம்பில் சேர்வது மீன், கோழி, ஈரல் ஆகியவற்றிலிருந்துதான். தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் முள் நீக்கிய மீனை அவித்து உதிர்த்துச் சோற்றோடு மசிக்கலாம். நெத்தலிக் கருவாட்டுத் தூள் கொடுப்பவர்கள் முதலில் அதைச் சுடுநீரில் இரண்டு மூன்று தரம் அலசி உப்பை இறக்குங்கள். ஈரல் வாரத்தில் ஒரு தரம், சிறிதளவு. மரக்கறி வீடென்றால் பயறு, பருப்பு, கீரை ஆகியவற்றோடு பப்பாசியோ தோடம்பழச் சாறு ஒரு கரண்டியோ அதே வேளையில் கொடுங்கள். அவற்றின் விற்றமின் சி இல்லாவிட்டால் கீரையின் இரும்பு பெரும்பாலும் வீணாகப் போகும்.

முட்டையும் நிலக்கடலையும் ஒவ்வாமை தரும் என்று தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. 2015இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்றில், ஒவ்வாமைக்கு வாய்ப்புக் கூடிய பிள்ளைகளுக்கு முதல் வயதிலேயே நிலக்கடலை உணவைத் தொடங்கியபோது, பின்னாளில் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. நன்றாக அவித்த முட்டையில் கால் தேக்கரண்டி, காலை வேளையில், அன்றைக்கு வேறு புது உணவு சேர்க்காமல் கொடுங்கள். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இழுப்பு வந்தால் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் தெரியும். கடும் எக்ஸிமா (தோல் அழற்சி) உள்ள பிள்ளைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கடலையைத் தொடாதீர்கள்.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, கோயில் பிரசாதத்திலும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து, காய்ச்சினாலும் சாகாது. பிள்ளையின் குடலில் அது முளைத்தால் மலச்சிக்கலில் தொடங்கி, அழுகையும் உறிஞ்சலும் சோர்ந்து, மூச்சு வரை போகும். தேத்தண்ணியில் தோய்த்த மேரி பிஸ்கட் பலருக்கு முதல் உணவாகிறது. தேயிலை இரும்பைத் தடுக்கும், பிஸ்கட் சீனியைப் பழக்கும், இரண்டுமே வேண்டாம். உப்பும் ஒரு வயது வரை சேர்க்கத் தேவையில்லை. எங்கள் நாக்குக்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்குப் புதுச் சுவை.

மிக்ஸியை விடாமல் பிடிப்பது

6 மாதத்தில் மசித்தது சரி. 8 மாதத்தில் சிறு கட்டிகளோடும், கையால் எடுத்துக் கடிக்க அவித்த கரட் துண்டோ கனிந்த வாழைப்பழமோ கொடுத்தும் பழக்க வேண்டும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். 10 மாதம் தாண்டியும் மிக்ஸியில் அடித்த கூழையே கொடுத்தால், பிறகு ஒரு பருக்கை தென்பட்டாலும் துப்பும் பிள்ளையாகிவிடும்.

கட்டி போனால் பிள்ளை ஓங்காளிக்கும். முகம் சிவக்கும், இருமும், சத்தம் வரும். அது தன்னைக் காக்கும் செயல், விரலை விட்டுத் தோண்டாமல் பக்கத்தில் இருங்கள். சத்தமே இல்லாமல், இருமவும் அழவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அதுதான் அடைப்பு. உடனே பிள்ளையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்வாக இருக்க, தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தரம் தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தரம் அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே, வீட்டில் இன்னொருவரை 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். முழுக் கடலை, முறுக்கு, பச்சைக் கரட், திராட்சை, சீசனில் றம்புட்டான் ஆகியவை பிள்ளை தவழும் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை உள்ள வீட்டில் இவை வருவது பெரும்பாலும் அதன் கையிலிருந்துதான்.